நடுவே நிறுத்தப்பட்ட பிள்ளை

கலிலேயாக் கடலின் வடகரையிலே கப்பர்நகூம் என்னும் சிறு பட்டினம் ஒன்றிருந்தது. மீன்பிடிகாரரும் ஆயக்காரரும் வாழ்ந்த அப்பட்டினத்தில், ஒரு வீட்டினுள்ளே நடந்த நிகழ்ச்சியொன்றை மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரம் கூறுகின்றது. இயேசுநாதருடைய சீடர் வழிநெடுகத் தமக்குள்ளே வாதாடிக்கொண்டு வந்தனர். வீட்டை அடைந்ததும், வழியிலே பேசியது யாது என்று அவர் வினவினார். ஒருவரும் வாய்திறக்கவில்லை. தம்முள் யார் பெரியவர் என்பதே அவர்களது வாதத்தின் பொருளாயிருந்தது. அவரோ அவர்களைக் கடிந்துகொள்ளாமல் அமர்ந்து, அங்கு நின்ற சிறுபிள்ளை ஒன்றை அழைத்து அவர்கள் நடுவே நிறுத்தி, அதனை அணைத்துக்கொண்டார். முதல்வனாயிருக்க விரும்புபவன் எல்லாருக்கும் ஊழியனாதல் வேண்டும் என்பதும், இத்தகைய பிள்ளையொன்றை ஏற்றுக்கொள்பவன் தம்மையே ஏற்றுக்கொள்கின்றான் என்பதும் அவர் அன்று புகட்டிய பாடமாகும். பிள்ளையைப் போலத் தன்னைத் தாழ்த்துபவனே பெரியவன் என்னும் கருத்தை மத்தேயு இதனோடு சேர்த்துரைக்கின்றார்.

இப்பாடத்தின் வலிமையை உணர்வதற்கு அக்காலத்திலே பிள்ளையின் நிலை எத்தகையது என்பதை அறிதல் வேண்டும். உரோமப் பேரரசின் சட்டத்தில் பிள்ளையின் உயிர்மீதும் தந்தைக்கு அதிகாரம் இருந்தது. வேண்டாத சிசுவைத் தெருவிலே விட்டுவிடும் வழக்கமும் அப்பேரரசிற் காணப்பட்டது. கிரேக்க மொழியிலோ பிள்ளையையும் வீட்டு அடிமையையும் ஒரே சொல்லாற் சுட்டும் வழக்கிருந்தது. ஆகவே நடுவே நிறுத்தப்பட்ட அப்பிள்ளை அழகுக்கோ மாசின்மைக்கோ மட்டும் அடையாளமன்று. சபையிலே இடமும் சொல்லுரிமையும் அற்ற ஓர் உயிரின் அடையாளமும் ஆகும். அந்த வீட்டிலே தாழ்மைப் பாடத்தைக் கேட்டவர் பெரியவர். அதைக் கற்பிக்க நிறுத்தப்பட்டது பிள்ளை. பிற்காலத்திலே வேதபாடம் கற்பித்த பாடசாலைகளில் இந்த ஒழுங்கு பலமுறை தலைகீழாயிற்று. பிள்ளை கேட்பவனாகவும் பெரியவர் கற்பிப்பவராகவும் ஆயினர். அவ்வாறு மாறியபோது தாழ்மை என்னும் சொல்லுக்கு என்ன நேர்ந்தது, ஈகை என்னும் சொல்லுக்கு என்ன நேர்ந்தது என்பதே இங்கு ஆராயப்படும் வரலாறாகும்.

ஈகையைப் பற்றிச் சிறுவர்க்குச் சொல்லப்படும் வேதாகமக் கதைகளுள் இரண்டு மிகவும் பெயர்பெற்றவை. ஒன்று, ஐந்து வாற்கோதுமை அப்பங்களையும் இரண்டு மீன்களையும் வைத்திருந்த பையனுடைய கதை. ஐயாயிரம் பேர் பசியாறிய நிகழ்ச்சியை நான்கு சுவிசேஷங்களும் கூறினும், அந்த உணவு ஒரு பையனிடம் இருந்ததென்பதை யோவான் மாத்திரமே கூறுகின்றார். வாற்கோதுமை ஏழைகளின் தானியம். அப்பையனுடைய பெயர் கூறப்படவில்லை. அவன் மனமுவந்து கொடுத்தானா என்பதும் கூறப்படவில்லை. அவன் மகிழ்ச்சியோடு நீட்டினான் என்று சொல்வது, தலைமுறை தலைமுறையாகக் கதை சொல்லிய ஆசிரியர்களும் தாய்மாரும் சேர்த்த அன்பான கற்பனையாகும். மற்றொன்று, எருசலேம் தேவாலயத்துக் காணிக்கைப் பெட்டியிலே மிகச் சிறிய செப்புக் காசுகள் இரண்டை இட்ட கைம்பெண்ணின் கதை. செல்வர் தம் மிகுதியிலிருந்து கொடுத்தனர். அவளோ தன் வாழ்வுக்கு வைத்திருந்த முழுவதையும் கொடுத்தாள். இவற்றோடு, வலக்கை செய்வதை இடக்கை அறியாதவாறு கொடுத்தல் வேண்டும் என்னும் மலைப்பிரசங்கத்துப் போதனையும் சேர்ந்துகொள்ளும். இம்மூன்றிலும் ஈகை பெருஞ்செல்வருடைய தொழிலாகக் காட்டப்படவில்லை; கொடுப்பவர் பெயர் முழங்குவதும் இல்லை.

இக்கதைகள் சிறுபிள்ளைகளின் நாவிலே முறையாக ஏறியது ஐரோப்பாவில் அச்சுக்கலை பரவிய பின்னரேயாம். ஜேர்மனியிலே மார்ட்டின் லூதர் 1528-ஆம் ஆண்டிற் சக்சனி நாட்டுக் கிராமத் திருச்சபைகளைப் பார்வையிட்டார். சாதாரண சனங்கள் சமயத்தின் முதற் பாடங்களையும் அறியாதிருந்தது அவரை வருத்திற்று. அதன் பயனாக 1529-ஆம் ஆண்டிலே சிறிய ஞானோபதேச வினாவிடை நூல் வெளிவந்தது. வீட்டுத் தலைவன் தன் பிள்ளைகளுக்கும் வேலையாட்களுக்கும் கற்பிக்கத்தக்க முறையில் அமைந்த அந்நூல், ஒவ்வொரு கட்டளையையும் சொல்லி, இதன் பொருள் என்ன என்று வினவி விடைகூறும் போக்கினது. பண்டிதரும் போதகருமாகிய தாமே நாள்தோறும் சிறுபிள்ளையைப் போல அப்பாடங்களை ஓதிவருவதாக லூதர் எழுதியுள்ளார். கற்பிப்பவன் தானும் மாணாக்கனாயிருத்தல் வேண்டும் என்னும் நினைவு அங்கு இன்னும் அணையாமல் இருந்தது.

இந்நினைவு செயலாக மலர்ந்த இடங்களுள் ஹாலே நகரின் புறத்தேயிருந்த கிளௌகா என்னும் ஊர் ஒன்றாகும். வறுமையும் குடியும் மலிந்த அவ்வூருக்கு 1692-ஆம் ஆண்டில் ஓகஸ்ட் ஹேர்மன் பிராங்கே என்பவர் போதகராக வந்தார். அவர் வீட்டுவாயிலில் வாரந்தோறும் ஏழைகள் பிச்சைக்கு வருவர். அப்பம் கொடுத்து அனுப்புவதோடு நில்லாமல், அவர் அவர்களை உள்ளே அழைத்துப் பிள்ளைகளை வினவத் தொடங்கினார். அவர்களது அறியாமை அவருக்குப் பெருந்துயரம் தந்தது. வீட்டிலே ஓர் உண்டியலை வைத்தார். 1695-ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறுக் காலத்தில் ஒருவர் அதிலே நான்கு தாலரும் பதினாறு குரோசனும் இட்டுச் சென்றார். இது நல்லதொரு தொகை, இதைக்கொண்டு ஒரு பாடசாலை தொடங்கலாம் என்று பிராங்கே துணிந்தார்.

அத்தொகையில் ஒரு பகுதிக்கு 27 புத்தகங்கள் வாங்கிப் பிள்ளைகளின் கையிற் கொடுத்தார். அவர்கள் மகிழ்ச்சியோடு பெற்றுச் சென்றனர். திரும்பிவந்தவை நான்கே. எஞ்சியவற்றோடு பிள்ளைகள் மறைந்துவிட்டனர். ஏழைப்பிள்ளைகள் நன்றியறியாதவர் என்று கூறிக் கதவை அடைப்பதற்கு இது போதிய காரணமாயிருந்திருக்கும். பிராங்கே மீண்டும் புத்தகம் வாங்கினார். பாடம் முடிந்ததும் புத்தகங்களைப் பாடசாலையிலேயே விட்டுச்செல்லுமாறு மாத்திரம் ஒழுங்குசெய்தார். அவர் 1727-ஆம் ஆண்டில் மறைந்தபோது ஹாலேயில் அவர் நிறுவிய பாடசாலைகளிலே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் கற்றுக்கொண்டிருந்தனர். ஆயினும் அவருடைய முறையில் ஒரு கடுமையும் இருந்தது. பிள்ளையின் சுயசித்தத்தை முறித்தல் வேண்டும் என்று அவர் கருதினார். விளையாட்டை ஐயத்தோடு நோக்கினார். ஈகையிலே கப்பர்நகூமுக்கு மிக அருகில் நின்ற அம்மனிதர், தாழ்மையை வளைத்து வரவழைக்கலாம் என்று எண்ணினார்.

ஹாலேயிற் கற்ற பார்த்தலோமேயு சீகன்பால்கு என்னும் இளைஞர், டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக்கு அனுப்ப, ஹைன்றிக் புளூச்சோ என்பவரோடு 1706-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9-ஆம் நாள் சோழமண்டலக் கரையிலுள்ள தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அவருக்கு அப்போது ஏறக்குறைய 24 வயது. தமிழ் ஓரெழுத்தும் அறியார். கற்பிக்க இலக்கண நூலும் அவர் கைக்கு எட்டவில்லை. முதிய தமிழ் உபாத்தியாயர் ஒருவரைத் தம் இருப்பிடத்திலே பள்ளிக்கூடம் நடத்துமாறு வேண்டிக்கொண்டு, அங்கு வந்த சிறுபிள்ளைகளோடு தாமும் தரையில் அமர்ந்து, மணலிலே விரலால் எழுத்துகளை வரைந்து பழகினார். பிள்ளைகளுக்கு வேதம் கற்பிக்கவென வந்தவர், முதலில் அப்பிள்ளைகளுக்கு உடன்மாணாக்கர் ஆனார். அகரம் எழுதுவதில் அவரினும் வல்லவராய் இருந்தவர் அச்சிறுவரே.

அவ்வாறு தரையில் அமர்ந்து கற்றதன் பயன் விரைவிலே வெளிப்பட்டது. அடுத்த ஆண்டாகிய 1707-இல் தரங்கம்பாடியிலே ஏழைப் பிள்ளைகளுக்கு உணவும் உடையும் கொடுத்துக் கற்பிக்கும் தருமப் பள்ளிக்கூடம் தோன்றிற்று. பெண்பிள்ளைகளும் அதன் கவனிப்பினின்றும் நீங்கவில்லை. 1708-ஆம் ஆண்டிலே சீகன்பால்கு தமிழ்ச் சிறுவர் திண்ணைப் பள்ளியில் ஓதிய நீதிநூல்களுட் கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா ஆகியவற்றை ஜேர்மன் மொழியிற் பெயர்த்தார். கற்பிக்க வந்த நாட்டிலே பிள்ளைகளுக்கு அறம் முன்னரே கற்பிக்கப்பட்டு வருகின்றது என்பதை அவர் கண்டுகொண்டார். கண்டதைத் தம் நாட்டாருக்கு மறைக்கவும் இல்லை. அம்மொழிபெயர்ப்புகளை அவருடைய மேலோர் அச்சிடவில்லை. அவை 1930-ஆம் ஆண்டிலேயே அச்சேறின. சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714-ஆம் ஆண்டிலும், புதிய ஏற்பாடு முழுவதும் 1715-ஆம் ஆண்டிலும் தரங்கம்பாடி அச்சகத்திலே தமிழில் வெளிவந்தன. கப்பர்நகூமிலே நின்ற பிள்ளையின் கதையைத் தமிழ்ப்பிள்ளை அச்செழுத்திலே படிக்கத்தக்க காலம் அவ்வாறு வந்தது. 1719-ஆம் ஆண்டில், தம் 36-ஆம் வயதிலேயே, சீகன்பால்கு காலமானார்.

இனி இங்கிலாந்தை நோக்குவோம். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே கைத்தொழில் பெருகிய நகரங்களிற் சிறுவரும் வேலைக்குச் சென்றனர். குளொஸ்டர் நகரில் ஊசி செய்யும் தொழில் சிறந்திருந்தது. வாரத்தில் ஆறுநாளும் உழைத்த பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமையிலே கவனிப்பாரின்றித் தெருவில் திரிந்தனர். அந்நகரிற் பத்திரிகை நடத்திய றொபேட் றெயிக்ஸ் என்பவர், சிறைச்சாலைகளின் இழிநிலையைச் சீர்திருத்த முன்னரே பாடுபட்டவர். சிறைக்கு வருபவர் பலர் எழுத்தறியாத தெருப்பிள்ளைகளாய் வளர்ந்தவரே என்பதைக் கண்ட அவர், 1780-ஆம் ஆண்டிலே ஞாயிற்றுப் பாடசாலையைத் தொடங்கினார். தோமஸ் ஸ்டொக் என்னும் குருவானவர் அவருக்குத் துணையாயிருந்தார். கற்பிக்கும் பெண்களுக்கு நாளொன்றுக்கு ஒரு சிலிங் கூலி கொடுக்கப்பட்டது. வேதாகமமே வாசிப்புப் புத்தகமாயிற்று.

கந்தை உடுத்திருத்தலும் காலணி இல்லாதிருத்தலும் பாடசாலைக்கு வருவதற்குத் தடையல்ல என்று றெயிக்ஸ் தெரிவித்தார். முகமும் கையும் கழுவித் தலைவாரி வந்தாற் போதும் என்பதே அவர் விதித்த நிபந்தனை. இச்செய்தியை அவர் 1783-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே தம் பத்திரிகையில் வெளியிட்டார். பிற நகரங்கள் விரைந்து பின்பற்றின. 1785-ஆம் ஆண்டிலே இலண்டனில் ஞாயிற்றுப் பாடசாலைச் சங்கம் அமைந்தது. 1831-ஆம் ஆண்டளவிற் பெரிய பிரித்தானியாவில் ஏறக்குறைய பன்னிரண்டரை இலட்சம் பிள்ளைகள் இத்தகைய பாடசாலைகளிலே கற்றனர் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. ஏழைப்பிள்ளைகள் பலருக்கு அது ஒன்றே பாடசாலையாயிருந்தது.

ஆனால் இவ்வியக்கத்தினுள்ளே ஒரு முரண் மறைந்திருந்தது. நாடகம் எழுதிப் புகழ்பெற்ற ஹான்னா மோர் அம்மையாரும் அவருடைய சகோதரி மார்த்தாவும் 1789-ஆம் ஆண்டில் சோமசெற் மாகாணத்துச் செடார் என்னும் ஊரிற் பாடசாலை தொடங்கினர். அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் பாடுபட்ட வில்லியம் வில்பர்போர்ஸ் அவ்வூர் மக்களின் வறுமையைக் கண்டு மனம் வருந்தியமையே அதற்குத் தூண்டுதலாயிற்று. அம்மையார் சேற்றுப் பாதைகளிலே பல மைல் சென்று, உடல்நலிவையும் பொருட்படுத்தாமல் அப்பாடசாலைகளைப் பேணினார். அவருடைய உழைப்பிலே குறைகூற இடமில்லை. எனினும் அவர் ஏழைப்பிள்ளைகளுக்கு வாசிப்பைக் கற்பித்தாரேயன்றி எழுத்தைக் கற்பிக்க உடன்படவில்லை. வாசித்தால் வேதத்தை அறிவர். எழுதினால் தம் நிலைக்கு மேலான எண்ணங்கொள்வர் என்பது அக்காலத்து உயர்குடியினர் பலருடைய அச்சம். அந்த அளவு கல்வியையும் பொறாத பண்ணைக்காரர் இருந்தனர். எழுத்தறிந்தவன் ஏர்பிடிக்க மாட்டான் என்று அவர்கள் முறையிட்டனர். 1799-ஆம் ஆண்டு முதற் சில ஆண்டுகள் பிளாக்டன் என்னும் ஊரிலே எழுந்த பெரும் பூசல், அம்மையாருடைய பாடசாலைகளையே ஆட்டங்காணச் செய்தது.

இங்கே தாழ்மை என்னும் சொல்லின் பொருள் எவ்வளவு மாறிவிட்டது என்பதை நோக்குதல் வேண்டும். கப்பர்நகூமிலே பெரியவனாக விரும்பியவனுக்குச் சொல்லப்பட்ட சொல், செடாரிலே பெரியவனாக வழியில்லாத பிள்ளைக்குச் சொல்லப்பட்டது. இருந்த இடத்திலே இருப்பதும், கொடுத்ததை வாங்கி நன்றி சொல்வதும், தன் எசமானுக்கு அடங்குவதும் தாழ்மை எனப்பட்டன. அடங்கியிருத்தல் வேறு, தாழ்மை வேறு. அடக்கம் வெளியிலிருந்து சுமத்தப்படலாம்; தாழ்மையைச் சுமத்த முடியாது, ஏனெனில் இறங்குவதற்கு உயரம் உடையவனே இறங்கமுடியும். யோவான் சுவிசேஷத்திலே சீடருடைய கால்களைக் கழுவியவர் அவர்களுடைய குருவாயிருந்தார். கால்கழுவும் வேலையே விதியாக அமைந்த அடிமைக்கு அதை ஒரு நற்குணம் என்று போதிப்பது அக்கதையைப் பொருளிழக்கச் செய்வதாகும். எனினும் வாசிக்கக் கற்ற பிள்ளைகளை அக்கட்டு நெடுங்காலம் நிறுத்திவைக்கவில்லை. எழுத்துக் கற்பிக்கும் ஞாயிற்றுப் பாடசாலைகளும் பல இருந்தன. அவற்றிற் கற்ற தொழிலாளரின் பிள்ளைகள் தாமே ஆசிரியராகி, தம் தெருவின் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர்.

ஈகையின் கதையும் அவ்வாறே ஒரு திருப்பத்தை அடைந்தது. பிறரிடம் பெறுபவர் என்றே கருதப்பட்ட ஞாயிற்றுப் பாடசாலைப் பிள்ளைகள் தாமும் கொடுக்கத் தொடங்கினர். தென்கடல் தீவுகளிலே தொண்டாற்றிய யோன் வில்லியம்ஸ் 1839-ஆம் ஆண்டில் எறொமங்கா என்னும் தீவிற் கொல்லப்பட்டார். அவர் பெயரால் ஒரு கப்பல் வாங்குவதற்கெனப் பிரித்தானியச் சிறுவர் திரட்டிய பணம் 6,237 பவுண். அக்கப்பல் 1844-ஆம் ஆண்டிற் கடலில் இறங்கிற்று. அமெரிக்காவிலே 1856-ஆம் ஆண்டில் ‘விடிவெள்ளி’ எனப் பொருள்படும் பெயர்கொண்ட கப்பலொன்றுக்குச் சிறுவர் பத்துச் சதப் பங்குகளை வாங்கினர். அந்நாட்டுக் கப்பலை இயக்கிய சங்கம் யாழ்ப்பாணத்துக்கு அமெரிக்கப் பாதிரிமாரை அனுப்பிய அதே சங்கமாகும். பையனுடைய ஐந்து அப்பங்களைப் பற்றிக் கேட்ட பிள்ளைகள், தம் கையிலும் பத்துச் சதம் இருக்கிறது என்று உணர்ந்தனர். இதில் ஓர் இடரும் இருந்தது. தூரதேசத்துப் பிள்ளைகளை இரங்கத்தக்கவராக மாத்திரம் காட்டும் படங்களும் கதைகளும் அப்பணத்தோடு சேர்ந்தே பரவின. பத்துச் சதம் கொடுத்த பிள்ளையின் உள்ளத்திலே அன்பும் வளரலாம், தான் உயர்ந்தவன் என்னும் எண்ணமும் வளரலாம்.

ஈழநாட்டின் வடபகுதிக்கு வேதபாடம் பலமுறை, பல வகையாக வந்தது. ஒல்லாந்தர் ஆட்சியிலே கோயிற்பற்றுக்கு ஒன்றாகப் பாடசாலைகள் நடந்தன. பிள்ளைகளை அனுப்பாத பெற்றோரிடம் தண்டப்பணம் அறவிடப்பட்டது. தண்டத்துக்கு அஞ்சி வந்த பிள்ளை தாழ்மையையும் ஈகையையும் எவ்வளவு கற்றிருக்கும் என்பது எண்ணிப்பார்க்கத்தக்கது. ஒல்லாந்தர் ஆட்சி நீங்கியதும் அவ்வமைப்பு தளர்ந்து போயிற்று. 1816-ஆம் ஆண்டிலே அமெரிக்க மிஷன் பாதிரிமார் யாழ்ப்பாணத்தை அடைந்து, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தம் பணியைத் தொடங்கினர். 1823-ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824-ஆம் ஆண்டில் ஹரியற் வின்சிலோ அம்மையாரின் முயற்சியால் உடுவில் மகளிர் விடுதிப் பாடசாலையும் தோன்றின. பெண்பிள்ளைக்கு எழுத்தெதற்கு என்று ஊரார் கேட்ட காலத்திலே உடுவிற் பாடசாலை அவர்களுக்கு வாசிப்பையும் எழுத்தையும் சேர்த்தே கற்பித்தது. செடாரிலே மறுக்கப்பட்டது உடுவிலிலே கொடுக்கப்பட்டது.

இவ்விடுதிப் பாடசாலைகளுக்கு வேண்டிய பணம் அமெரிக்கத் திருச்சபைகளிலிருந்து வந்தது. தொடக்க காலத்திலே ஆண்டொன்றுக்கு 12 டொலர் கொடுப்பவர் யாழ்ப்பாணத்துப் பிள்ளையொன்றைத் தாங்கலாம். அப்பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரையும் இடலாம் என்பது ஏற்பாடு. கொடுத்தவர் தம் பெயரையோ, தாம் மதித்த போதகர் பெயரையோ, இறந்துபோன தம் பிள்ளையின் பெயரையோ தெரிவுசெய்தனர். ஈழத்துத் தமிழறிஞர் வரிசையிலே நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என அமெரிக்கப் பெயரும் தமிழ்ப் பெயரும் கைகோத்து நிற்பதைத் தமிழ் வாசகர் அறிவர். இவ்வழக்கத்தை எள்ளுவதும் எளிது, புகழ்வதும் எளிது. கடலுக்கு அப்பால் முகமறியாப் பிள்ளையொன்றுக்காக எளிய குடும்பங்களும் பணம் சேர்த்தமை மெய்யான ஈகை. ஆனால் வலக்கை கொடுத்ததை இடக்கை அறியலாகாது என்று மனப்பாடம் செய்த பிள்ளை, தன் பெயரைச் சொல்லும்போதெல்லாம் தனக்குக் கொடுத்தவரின் பெயரையே சொல்லவேண்டியிருந்தது.

இப்பெயர்களைச் சுமந்தவர் வெறுமனே பெறுபவராய் நின்றுவிடவில்லை என்பதே இவ்வரலாற்றின் சிறப்பாகும். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை தமிழில் நியாய இலக்கணம் எழுதினார். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை தமிழ்ப் புலவர்களுடைய சரித்திரங்களைத் தொகுத்துப் பாவலர் சரித்திர தீபகம் என்னும் நூலை 1886-ஆம் ஆண்டில் வெளியிட்டார். இரவற் பெயரோடு வளர்ந்த பிள்ளை, தன் மொழியின் புலவர் பெயர்கள் அழியாதவாறு அவற்றைத் திரட்டிக் கொடுத்தான் என்பதைவிடப் பொருத்தமான கைம்மாறு யாது?

அக்காலத்து யாழ்ப்பாணத்திலே வேதாகமத் தமிழோடு தொடர்புகொண்ட மற்றொரு பெரியாரையும் இங்கு நினைத்தல் வேண்டும். நல்லூர் ஆறுமுக நாவலர் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகமத்தைத் தமிழாக்கும் பணியிலே துணைநின்றவர். சைவத்திலே மாறாத பற்றுடைய அவர், 1848-ஆம் ஆண்டில் வேதனம் தந்த வேலையைத் துறந்து, வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பிள்ளைகளுக்கெனப் பாலபாட நூல்களை எழுதினார். மிஷன் பாடசாலைக்கும் வித்தியாசாலைக்கும் இடையே கொள்கையிலே கடும் போர் நிகழ்ந்தது. எனினும் சம்பளத்தைவிட்டுப் பிள்ளைகளின் நடுவே வந்து அமர்ந்த ஆசிரியரைக் கண்டபோது, பிள்ளைகள் கற்ற பாடம் இரு பக்கத்திலும் ஒன்றே.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒரு வழக்கம் வேரூன்றியது. உலையிலே அரிசி இடுமுன் தாய் ஒரு பிடியை எடுத்து வேறு பானையிலே போடுவாள். வாரமுடிவில் அவ்வரிசி திருச்சபைக்குச் செல்லும். பிடியரிசி எனப்பட்ட இவ்வழக்கம் யாழ்ப்பாணத்திலும் திருநெல்வேலிச் சீமையிலும் பரவியிருந்தது. பணமில்லாத வீட்டாரும் இதிலே பங்குகொள்ளலாம்; அரிசி குறைந்த நாளிலும் ஒரு பிடி குறைவதை வயிறு உணருமேயன்றி ஊர் அறியாது. எருசலேம் தேவாலயத்துக் கைம்பெண்ணின் கதையை அடுப்படியிலிருந்த பிள்ளைக்கு இதனினும் தெளிவாக எந்த ஆசிரியர் விளக்கியிருப்பார்? பிள்ளை அதைக் காதால் கேட்கவில்லை. நாள்தோறும் கண்ணாற் கண்டது.

இவ்வாறு வளர்ந்த தலைமுறையினர் 1900-ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்திலே தம் சொந்தப் பணத்தைக் கொண்டு தென்னிந்தியாவின் தொண்டிப் பகுதிக்குத் தம்மவரை ஊழியராக அனுப்பினர். 1902-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா என்னும் திருநெல்வேலி இளைஞர் இதனைக் கண்டு வியந்தார். தம் நாட்டார் வெளிநாட்டார் பணத்தையே எதிர்பார்த்திருத்தல் தகுமா என்று சிந்தித்தார். அடுத்த ஆண்டாகிய 1903-இலே, பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் இந்தியருடைய பணத்தாலும் இந்தியருடைய உழைப்பாலும் நடக்கும் சங்கமாகத் தோன்றிற்று. அசரியா 1912-ஆம் ஆண்டில் தோர்ணக்கல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றபோது, ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவியை அடைந்த முதல் இந்தியரானார். 12 டொலரினால் தாங்கப்பட்ட பிள்ளைகளின் நாடு, ஒரு நூற்றாண்டு நிறையுமுன்னே கொடுக்கும் நாடாகி, கொடுக்கும் எண்ணத்தை அயலாருக்கும் ஊட்டிற்று.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. பிள்ளைகளுக்குத் தாழ்மையையும் ஈகையையும் கற்பிக்க வேதாகமத்தை எடுத்தவர் பலர். அவர்களுள், பிள்ளை தாழ்ந்திருக்கவேண்டும் என்பதற்காகக் கற்பித்தோரின் பாடம் அடக்கத்தை உண்டாக்கிற்று. சில வேளைகளில் அச்சத்தையும், உள்ளே மறைந்த கசப்பையும் உண்டாக்கிற்று. தாமே இறங்கியவருடைய பாடமோ வேறு பயன் தந்தது. இருபத்துமூன்று புத்தகங்களை இழந்த பின்னும் புத்தகம் வாங்கிய பிராங்கேயும், மணலிலே எழுதிப்பழகிய சீகன்பால்கும், அடுப்படியிலே ஒரு பிடி அரிசியை ஒதுக்கிய பெயரறியாத் தாயும் அத்தகையோர். அவர்களிடம் கற்ற பிள்ளை, தானும் கொடுக்கத்தக்கவன் என்னும் மதிப்பைப் பெற்றது. கொடுக்கத்தக்கவன் என்று மதிக்கப்படாத பிள்ளைக்கு ஈகையைக் கற்பித்தல் இயலாது.

இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளிலே சிறுவர் வட்டமாக அமர்ந்து ஐந்து அப்பங்களின் கதையைக் கேட்கின்றனர். அப்பையனிடம் உணவைக் கேட்டவர்கள் எத்தகைய குரலிலே கேட்டார்கள் என்பதைச் சுவிசேஷம் கூறவில்லை. கதை சொல்லும் ஆசிரியர் அதனைத் தம் குரலால் நிரப்புகின்றார். அதட்டிக் கேட்கும் குரலா, பணிந்து கேட்கும் குரலா என்பதைப் பிள்ளைகள் முதல் வார்த்தையிலேயே அறிந்துகொள்வர். கதையினுடைய கருத்தை அவர்கள் பெறுவதும் பெரும்பாலும் அக்குரலிலிருந்தே.